எழுதிப் பழகாதவர்கள் எழுதத் தொடங்குவது எப்படி?

(தோட்டங்களிலிருந்து சென்ற எமது தொழிலாளர்களும், வன்னியில் வாழும் மலையக உறவுகளும் ஒட்டுசுட்டானில் ஒன்றுகூடிய சந்திப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாமற்போன வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



பஸ்ஸில் வந்தவர்கள் இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம் என்று வந்து சேர்ந்திருக்கிறோம். நமது பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்து போனார்கள். அந்தப் பாதையில் ஒரு பங்கை நேற்று இரவு நாம் ஆசனத்தில் சாய்ந்துகொண்டு எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறோம். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போனார்களே, அது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் ஒரு சின்னப் பிள்ளை எம்மிடம் கேட்டது: "அப்ப நடந்து வந்தவங்க யாராச்சும் அதை எழுதி வச்சிருக்காங்களா?" நாம் பதில் சொல்லவில்லை. துரைமார் எழுதினார்கள், அரசாங்க ஏஜண்டுமார் எழுதினார்கள், பாதிரிமார் எழுதினார்கள். நடந்தவர்களுக்கு எழுதத் தெரியாது. தெரிந்த ஒருவர் இருவர் இருந்திருந்தாலும் அவர்கள் கையில் கடதாசி இருக்கவில்லை.

இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச எடுத்ததற்கும் ஒரு சின்னக் கடதாசித் துண்டுதான் காரணம். போன தடவை இங்கே வந்தபோது, முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு தங்கச்சி, பேச வெட்கப்பட்டு, ஒரு துண்டை மடித்துக் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். "எனக்கு எழுத ஆசை. முன் அனுபவம் இல்லை. எப்படித் தொடங்குவது?" இவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தத் தங்கச்சி இங்கே இருக்கிறாரா என்று தெரியாது. எழும்ப வேண்டாம், இருந்தபடியே கேளுங்கள்.

நாம் எழுத்தாளர் இல்லை. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஆனால் தோட்ட நலன்புரி வேலை என்றால் பாதி நேரம் எழுத்து வேலைதான். அறிக்கை, விண்ணப்பம், மனு, கூட்டக் குறிப்பு என்று எழுதிக் குவித்திருக்கிறோம். அந்த எழுத்திலே பட்ட அடியையும், நாம் படித்துத் தெரிந்துகொண்ட சிலபேரின் கதையையும் சொல்கிறோம். உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயது போய் வேலையிலிருந்து நின்ற ஒரு அக்காவுக்கு ஈ.பீ.எஃப். காசு கிடைக்கவில்லை. மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். நமக்கும் தமிழ் நன்றாக வரும் என்ற நினைப்பு. "கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்களே" என்று தொடங்கி, இரத்தத்தை வியர்வையாக்கி, வியர்வையைத் தேயிலைக்கு உரமாக்கி, மூன்று பக்கம் எழுதினோம். வாசித்துக் காட்டியபோது அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எமக்கும் பெருமைதான். மனு போனது. ஆறு மாதம், ஒரு வருடம், பதில் கிடையாது. கடைசியில் தோட்டத்து ஒபிசில் இருந்த ஒரு வயதான கிளாக்கர் ஐயாவிடம் நகலைக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, "தம்பி, எல்லாம் இருக்கு. இந்த அம்மாவுட நம்பர் எங்க?" என்று கேட்டார்.

நம்பர் இல்லை! திகதி இல்லை. எந்த வருடம் பேர் பதிந்தது, எந்த வருடம் வேலை நின்றது, ஒன்றுமே இல்லை. அதைவிட, அவரின் பெயர் பிறப்பத்தாட்சியில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, செக்ரோலில் வேறொரு மாதிரி இருந்தது. காசு நின்றதற்கே அதுதான் காரணம். மூன்று இடத்திலும் எழுதியவர்கள் மூன்று பேர். அவர்கள் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவராவது, "அம்மா, உன் பேரை இப்படித்தான் எழுதுறதா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டாவது மனு பன்னிரண்டு வரிதான். மூன்று பெயர், மூன்று பத்திரம், நம்பர், திகதி, இவை மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சத்தியக் கடதாசி. வியர்வையும் இல்லை, இரத்தமும் இல்லை. காசு வந்தது. நாம் வாழ்க்கையில் எழுதிய முதல் உருப்படியான எழுத்து அந்தப் பன்னிரண்டு வரி என்றுதான் நாம் இன்றும் சொல்வோம்.

கதை எழுதக் கேட்டால் மனு எழுதச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, யார் என்ன சொன்னார். இதை ஒளிக்காமல், கூட்டாமல் எழுதப் பழகியவருக்குக் கதையும் வரும்.

இங்கே பக்கத்தில் கற்சிலைமடு இருக்கிறது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பஸ்ஸில் வந்தவர்களுக்காகச் சொல்கிறோம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்கும் வெள்ளைக்காரப் படைக்கும் சண்டை நடந்த இடம் என்று அங்கே ஒரு கல் நட்டார்கள். அதிலே என்ன எழுதியிருந்தது? கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கல்லை நட்டது வென்ற பக்கம். ஆகவே வென்றவரின் பெயர் முன்னுக்கு, தோற்றவரின் பெயர் பின்னுக்கு. சண்டையில் பண்டாரவன்னியனோடு நின்ற சனம் என்ன பட்டது, எந்தக் காட்டுக்குள் ஓடியது, அந்த வருடம் வயல் விதைத்தார்களா என்று கல்லில் இல்லை. பிறகு முள்ளியவளை முல்லைமணி அவர்கள் 1960களில் பண்டாரவன்னியனை நாடகமாக எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாயில் அந்தப் பெயர் தமிழில் நின்றது.

அதேபோல் தண்ணிமுறிப்பு. இங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தக் காட்டுக் கிராமத்தை வைத்து அ. பாலமனோகரன் 'நிலக்கிளி' என்று ஒரு நாவல் எழுதினார். வீரகேசரி 1973இல் வெளியிட்டது, சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. அவர் தண்ணீரூற்றைச் சேர்ந்த ஒரு ஆசிரியர். அதுதான் அவருடைய முதல் நாவல். கொழும்பைப் பற்றியோ, இராசா இராணியைப் பற்றியோ எழுதவில்லை. குளம், காடு, வேட்டை, வயல், அங்கே வாழ்ந்த நாலைந்து பேர். அவ்வளவுதான். 1984இல் தண்ணிமுறிப்புச் சனங்கள் எழும்பி ஓட வேண்டி வந்தது உங்களுக்குத் தெரியும். ஓடிய சனத்தின் வீடும் படலையும் போய்விட்டது. ஆனால் 1973க்கு முந்திய தண்ணிமுறிப்பில் பொழுது எப்படி விடிந்தது என்று அந்தப் புத்தகத்தைத் திறந்தால் இன்றைக்கும் தெரியும். ஒரு ஆசிரியர் ஒரு கொப்பியில் எழுதியபடியால்.

"அவர் வாத்தியார், எழுதுவார். நாங்க எங்க?" என்று பின்னால் ஒரு அண்ணன் சொல்வது காதில் விழுகிறது. சரி, வாத்தியார் இல்லாத ஒருவரைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா என்று ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவர். முடிதிருத்தும் தொழிலாளி. சலூனில் கத்தரிக்கோலைப் பிடித்த கையாலேயே கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற அவரது சிறுகதைத் தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் 'மல்லிகை' என்று ஒரு மாத சஞ்சிகை தொடங்கினார். படித்தவர்கள் தொடங்கிய எத்தனையோ சஞ்சிகைகள் நாலு இதழோடு நின்றபோது, அவர் மல்லிகையைத் தாமே கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்று நானூறு இதழ்வரை கொண்டுவந்தார். 2021இல்தான் காலமானார். சாதியைச் சொல்லியும் தொழிலைச் சொல்லியும் அவரை இளக்காரம் பண்ணியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். அவர் தொழிலை ஒளிக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் சலூனையும் கத்தரிக்கோலையும் பற்றித்தான் முக்கியமாக எழுதினார்.

நமது மலைநாட்டுக்கு வருவோம். கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், புடவை வியாபாரி மாதிரி உள்ளே போய் லயங்களைப் பார்த்தார் என்பது பலரும் சொல்லும் செய்தி. பிறகு 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டு எழுதி, கூட்டங்களிலே தாமே பாடி, சின்னப் புத்தகமாக அச்சடித்தும் கொடுத்தார். மலையகத்தில் பெண் எழுத்து என்று பேசினால் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். மடக்கொம்பரை சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1949இல் நமது மக்களின் வாக்குரிமை பறிபோனது, அதோடு அந்த வழியும் அடைபட்டது. அவரிடம் பேனை இருந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். எமக்கு அவர் செய்ததில் பெரிய வேலை என்று படுவது, தோட்டம் தோட்டமாகச் சனங்களின் வாயிலிருந்த பாட்டுகளைக் கேட்டுச் சேர்த்ததுதான். அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கங்காணியைத் திட்டியும், பிள்ளையைத் தாலாட்டியும், கடலைக் கடந்து வந்த கதையைச் சொல்லியும் பாடிவிட்டுப் போனார்கள். அவர் எழுதி வைக்காவிட்டால் அதுவும் இல்லை.

1960களில் வீரகேசரிப் பத்திரிகையில் எஸ்.எம். கார்மேகம் அவர்கள் மலைநாட்டுக்கென்று ஒரு பக்கம் பார்த்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் வைத்தது. தோட்டங்களிலே யார் எழுதுவார் என்று கேட்டவர்கள் உண்டு. கதைகள் வந்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று புத்தகமாகவும் வந்தன. தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஜோசப், தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். தெளிவத்தை ஜோசப் என்றால் தமிழ்நாட்டிலும் தெரியும். 2013இல் விஷ்ணுபுரம் விருது அவருக்குத்தான் கொடுத்தார்கள். 2022இல் காலமானார். என்.எஸ்.எம். இராமையா எழுதிய 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதை 1961இல் தினகரனில் வந்தது. ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறையைச் சுற்றித்தான் முழுக் கதையும். கூடை, தராசு, கணக்கப்பிள்ளை, பக்கத்து நிரைப் பெண்களின் பேச்சு. இங்கே வந்திருக்கும் தாய்மாரே, கொழுந்து நிறுவையில் நடக்கும் விஷயம் உங்களுக்குத் தெரியாதா? இராமையாவைவிட உங்களுக்குக் கூடத் தெரியும். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கதையைப் பேசுகிறோம்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும், இந்தியாவில். பேபி ஹால்டர் என்று பெயர். சின்ன வயதில் தாய் விட்டுப்போனார், பதின்மூன்று வயதாகுமுன்பே கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அடி உதை. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டில்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற பேராசிரியர். அலுமாரியில் புத்தகங்களைத் தூசி தட்டும்போது இந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதை அவர் கண்டார். திட்டவில்லை. படிக்கச் சொன்னார். பிறகு ஒரு கொப்பியும் பேனையும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். எழுத்துக்கூட்டி எழுதிப் பல வருடமானபடியால் முதலில் கை வரவில்லை. சமையல், துடைப்பு, பிள்ளைகள் எல்லாம் முடிந்த பிறகு இருந்து எழுதினார். 2002இல் புத்தகமாக வந்து, பிறகு எத்தனையோ மொழிகளுக்குப் போனது. அவர் பேரெடுத்த பிறகும் வீட்டு வேலையை உடனே விடவில்லை.

இந்தக் கதையில் நாம் கவனிக்கும் இடம் அந்தக் கொப்பிதான். யாரோ ஒருவர் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு பெண் எழுத உட்கார்ந்தால், "என்னா கணக்கெழுதுறியா?" என்று சிரிக்காமல் இருந்தாலே பெரிய உதவி. புருஷன்மாரே, ஒரு நாள் தேத்தண்ணியை நீங்கள் ஊற்றுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, எப்படித் தொடங்குவது?

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். மேலே திகதி போடுங்கள். கதை எழுத வேண்டாம், கவிதையும் வேண்டாம். நேற்று நடந்ததை எழுதுங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் யார் என்ன சொன்னது, எந்த மலைக்கு அனுப்பினார்கள், மழை வந்ததா, எத்தனை கிலோ நிறுத்தது, எத்தனை கிலோ கழித்தார்கள், வீட்டுக்கு வந்து என்ன சமைத்தீர்கள். பத்து வரி. வன்னியில் இருப்பவர்கள் வயலுக்குத் தண்ணி திறந்ததை, யானை வந்து வேலியை முறித்ததை, கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றதை எழுதுங்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால் முப்பது நாள் கையில் இருக்கும். அதைத் திரும்ப வாசிக்கும்போது ஒரு நாள் மட்டும் உங்களைப் பிடித்து இழுக்கும். "அட, இதைச் சொல்லணுமே" என்று தோன்றும். உங்கள் முதல் கட்டுரையோ கதையோ அங்கேதான் இருக்கிறது.

எமது செய்தி மடலுக்கு வரும் எழுத்துகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. எழில் கொஞ்சும் மலைகள், பச்சைக் கம்பளம், மேகப் போர்வை! எழுதியவர் யாரென்று பார்த்தால் அதே மலையில் அட்டைக் கடியோடு நிற்கும் ஒரு தங்கச்சி. ஏன் அம்மா, உனக்கு அந்த மலை கம்பளமாகவா தெரிகிறது? இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனப்பது, கால் வழுக்குவது, ஈரக் கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு என்று சொல்லி நிறையை வெட்டுவது, இதுதானே தெரியும்? அதை எழுது. கம்பளத்தைச் சுற்றுலா வருபவர்கள் எழுதட்டும்.

பேச்சு மொழியில் எழுதலாமா என்று பலபேர் கேட்கிறார்கள். ஆட்கள் பேசுவதை அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். லயத்தில் ஒரு பாட்டி, "யாது காரணத்தினால் தாமதித்தாய்?" என்று பேரனைக் கேட்கமாட்டார். தமிழ்நாட்டில் கி. ராஜநாராயணன் என்று ஒரு பெரிய எழுத்தாளர், இடைசெவல் கிராமத்து விவசாயி, பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். சம்சாரிகளின் பேச்சை அப்படியே எழுதினார். அந்தப் பேச்சுச் சொற்களுக்கு ஒரு அகராதியே தொகுத்தார். நமக்கும் சொற்கள் இருக்கின்றன. பீலிக்கரை, பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, அரைப்பேர், பத்துச்சீட்டு. எந்த அகராதியில் இருக்கிறது? பத்துச்சீட்டு என்று சொன்னால் இங்கே இருக்கும் இளம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கடதாசியைக் கையில் கொடுத்துத்தான் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுவார்கள். சொல் போனால் அதோடு நடந்ததும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. நடந்ததை எழுது என்றவுடன் பக்கத்துக் காம்பராச் சண்டையைப் பேரோடு எழுதிவிடாதீர்கள். எமக்குத் தெரிந்து ஒரு பையன் அப்படி எழுதி, தோட்டத்துக் கலைவிழா மலரில் வந்துவிட்டது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்பிள்ளை இரண்டு கிழமை பீலிக்கரைக்குத் தண்ணிக்குப் போக முடியாமல் இருந்தார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஆளை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும். முடியாவிட்டால் அவரிடமே போய்க் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் கொப்பியில் இருக்கட்டும்.

எழுதியதை ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் கொட்டாவி விடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தை வெட்டலாம். பத்திரிகைக்கு அனுப்பும்போது நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாம் முதன்முதலாக எழுதிய கட்டுரையை நகல் இல்லாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். வரவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதில் என்ன எழுதினோம் என்றே இப்போது சரியாக ஞாபகமில்லை. வராவிட்டால் கோபிக்க வேண்டாம், இன்னொன்றை அனுப்புங்கள். எமது செய்தி மடலுக்கு அனுப்பினால் வாசித்துவிட்டுத் திருப்பித் தருவோம், இதை உறுதியாகச் சொல்கிறோம்.

எழுதவே தெரியாத பெரியவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லுங்கள், பேரப்பிள்ளை எழுதட்டும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பேசுவதைப் பதிந்து வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம்: பாட்டி சொன்னதைத் திருத்தாதீர்கள். இலக்கணம் பார்க்காதீர்கள். வருடம் தெரியாவிட்டால், "பெரிய மழை வந்த வருஷம்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். எந்த மழை என்று பிறகு தேடிக்கொள்ளலாம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எமது தகப்பனார் 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வார். தோட்டங்களில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அவருக்கு அப்போது இளந்தாரி வயது. மரவள்ளிக் கிழங்குக்காக எவ்வளவு தூரம் நடந்தார், வழியில் யாரைக் கண்டார், அவருடைய தங்கச்சிக்கு என்ன நடந்தது என்றெல்லாம் சொல்வார். சொல்லும்போது ஒரு இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி வீட்டில் இருந்தபோது, நிறுத்தாமல் முழுவதும் சொன்னார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற ஆட்கள் நாம். அன்று இரவு டயறியில் எழுதியது இதுதான்: "அப்பா 74 பற்றி முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக எழுத வேண்டும்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா இப்போது இல்லை. அவர் எப்போதும் நிறுத்தும் இடத்துக்குப் பிறகு என்ன சொன்னார் என்பதில் துண்டு துண்டாகச் சிலதுதான் மிச்சம். ஒரு பாலம் வரும், ஒரு சாக்கு வரும். அத்தையின் பெயர் வரும். எது முதல், எது பிறகு என்று தெரியவில்லை. அந்த டயறி வீட்டில் இருக்கிறது.

இங்கே இருப்பவர்களில் கனபேரின் குடும்பம் அந்தப் பஞ்ச காலத்திலும், அதற்கு முன் 1958இலும், பிறகு 1977, 1983 கலவரங்களிலும் மலையை விட்டு வன்னிக்கு வந்ததுதான். 1964 ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் விழுந்தோம் என்று தெரியாமல் வந்தவர்களும் உண்டு. டொலர் பாம், கென்ட் பாம் என்று இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் குடியேறி, காடு வெட்டி, கச்சான் போட்டு, 1984இல் அங்கிருந்தும் எழும்பினார்கள். 2009இல் எல்லாச் சனத்தோடும் சேர்ந்து கடற்கரைவரை ஓடி, செட்டிகுளத்துக் கூடாரங்களில் இருந்து திரும்பி வந்தார்கள். ஒரே ஆள் நாலு தரம், ஐந்து தரம் வீடு கட்டியிருக்கிறார். பரந்தன் பக்கத்துத் தாமரைச்செல்வி அவர்கள் வன்னி விவசாயிகளின் வாழ்க்கையை எழுதினார். மலையக எழுத்தாளர்கள் மலையை எழுதினார்கள். மலையிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது மிகவும் கொஞ்சம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோகக்கூடாது. இங்கே பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் "தோட்டக்காட்டான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதையும் எழுதலாம். சண்டைக்காக வேண்டாம். அந்தச் சொல் விழுந்த அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன செய்தது, சாப்பிட்டதா, தாயிடம் சொன்னதா, அவ்வளவை எழுதுங்கள். சொன்னவர்களின் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

ஒட்டுசுட்டான் என்ற பேர் எப்படி வந்தது என்று காலையில் கோயிலடியில் ஒரு பெரியவரிடம் கேட்டோம். குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் சுவாமி தோன்றினார், அதனால் தான்தோன்றீஸ்வரர், அதனால் இந்தப் பேர் என்று விரிவாகச் சொன்னார். இடையில் குரக்கன் எப்படி வெட்டுவது, ஒட்டு என்றால் என்ன, எந்த மாதம் எரிப்பது என்றும் சொன்னார். பேரை விளக்கும் கதை புத்தகங்களில் இருக்கிறது. எரிக்கிற விஷயம் அவரிடம் இருக்கிறது. எமது பஸ்ஸில் வந்த ஒரு தம்பி அதைப் போனில் பதிந்துகொண்டார். தம்பி, வீட்டுக்குப் போனதும் எழுதிவிடு. ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதே.

பேசியது போதும், சாப்பாடு ஆறுகிறது. வாசல் மேசையில் சீ.ஆர். கொப்பி முப்பதும் பேனை முப்பதும் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்றுதான், ஒரு குடும்பம் நாலு எடுக்கக்கூடாது. எடுப்பவர்கள் முதல் பக்கத்தில் உங்கள் பேரை நீங்களே எழுதுங்கள். உங்கள் பேரை எப்படி எழுத விரும்புகிறீர்களோ அப்படி. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதுவியுங்கள், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பக்கத்தில் இன்றைய திகதி. பின்னேரம் மூன்று மணிக்கு பஸ் வெளிக்கிடும். அதற்குள் இங்கே இருப்பவர்களும் அங்கிருந்து வந்தவர்களும் ஆளுக்கொருவரைப் பிடித்து உட்கார்ந்து, "நீங்க எந்தத் தோட்டம், எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். துண்டு தந்த தங்கச்சி வந்திருந்தால், முன்வரிசையில் நீலச் சேலையோடு இருக்கும் அந்த ஆச்சியிடம் போங்கள். அவர் 1977இல் வந்தவராம். காலையிலிருந்து யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.